6-ஆம் பிரிவில் ‘விரைவில்’ என்ற சொல் எங்கே உட்காருகிறது?

வரிவடிவம் | திங்கள், இரவு 9:40

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை, என் ஆசைக்குத்தான். மொத்தமே 11 பிரிவுகள். முதல் ஐந்து மளமளவென்று முடிந்தன. ஆறாவதில் வண்டி நின்று மூன்று நாளாகிறது.

அது ஒரே ஒரு வாக்கியம். ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்கிறது. எதற்காக? அணு ஆயுதப் போட்டியை நிறுத்த, அணு ஆயுதங்களைக் களைய, கண்டிப்பான சர்வதேசக் கண்காணிப்பில் எல்லா ஆயுதங்களையும் களையும் பொது ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க.

இடையில் ‘விரைவில்’ என்று ஒரு சொல் வருகிறது. ஆங்கில மூலத்தில் அது போட்டியை நிறுத்துவதோடு ஒட்டி நிற்கிறது. அப்படிப் படித்தால் களைவதற்குக் கெடு ஏதும் இல்லை. ஆனால் முழு வாக்கியத்துக்கும் அந்த அவசரம் உண்டு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலம் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடம் தருகிறது, தமிழ் தர மறுக்கிறது. “விரைவில் போட்டியை நிறுத்தவும் ஆயுதங்களைக் களையவும்” என்றால் இரண்டுமே விரைவில். “போட்டியை விரைவில் நிறுத்தவும், ஆயுதங்களைக் களையவும்” என்றால் இரண்டாவதற்கு எந்த அவசரமும் இல்லை. நான் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்?

---

சும்மா_ஒருவன் | திங்கள், இரவு 9:52

1970 மார்ச் 5-ல அமலுக்கு வந்த ஒப்பந்தம். ‘விரைவில்’ முன்னாடி இருந்தா என்ன, பின்னாடி இருந்தா என்ன பாஸ்? கல்யாணப் பத்திரிகையே மஞ்சள் பூத்துப்போச்சு, மாப்பிள்ளை இன்னும் கிளம்பலை.

---

பழைய_டெலக்ஸ் | திங்கள், இரவு 10:31

சிரிப்பு இருக்கட்டும் தம்பி. அந்தச் சொல் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பார்த்தால் வரிவடிவத்தின் தலைவலிக்குக் காரணம் தெரியும்.

1967 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஜெனீவாவில் ஆயுதக் களைவு பற்றிப் பேசிவந்த 18 நாடுகள் குழுவிடம் ஒரே மாதிரியான இரண்டு வரைவுகளைக் கொடுத்தன. இரண்டும் பரம எதிரிகள், ஆனால் ‘மற்றவன் கையில் குண்டு போகக் கூடாது’ என்பதில் மட்டும் அச்சு அசலாக ஒத்துப்போனார்கள். அந்த வரைவில் இந்த 6-ஆம் பிரிவே கிடையாது. ஆயுதக் களைவு முன்னுரையில் ஒரு நல்ல எண்ணமாக வந்துபோனது, அவ்வளவுதான்.

அணிசேரா நாடுகள் விடவில்லை. நாங்கள் குண்டு செய்யமாட்டோம் என்று எழுதித் தருகிறோம், நீங்கள் என்ன எழுதித் தருவீர்கள் என்று கேட்டார்கள். மெக்சிகோ, இந்தியா, சுவீடன் எல்லாம் இதில் முன்னால் நின்றன. 1968 ஜனவரி வரைவில்தான் 6-ஆம் பிரிவு தலைகாட்டியது. ‘விரைவில்’ அதற்கும் பிறகு, சுவீடன் கேட்டதால் நுழைந்தது.

ஆக, எழுத மனமில்லாதவர்கள் பிறர் நெருக்கியதால் எழுதிய வாக்கியம் இது. ‘களைவோம்’ என்று அதில் எங்கும் இல்லை, ‘களைவது பற்றிப் பேசுவோம்’ என்றுதான் இருக்கிறது. மங்கலாக இருப்பது கவனக்குறைவால் அல்ல. மங்கலாக இருந்ததால்தான் 1968 ஜூலை 1 அன்று கையெழுத்தே விழுந்தது. அன்று மாஸ்கோவில் முதல் கையெழுத்துப் போட்டவர் அயர்லாந்தின் ஃபிராங்க் எய்கன். 1958 முதலே ஐ.நா.வில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்.

---

எதிர்க்காற்று | திங்கள், இரவு 11:05

ஐயா சொன்னது சரி. ஆனால் 6-ஆம் பிரிவை நுணுகிப் பார்க்கிறவர்கள் 9-ஆம் பிரிவை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? அங்கே மங்கல் எதுவும் இல்லை. 1967 ஜனவரி 1-க்கு முன் அணுகுண்டு தயாரித்து வெடித்த நாடுதான் ‘அணு ஆயுத நாடு’. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா. அன்றோடு கதவு சாத்தியாகிவிட்டது. சீனா 1964 அக்டோபரில் வெடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இந்தியா வெடித்தது 1974 மே 18.

மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் இடத்தில் நாள், மாதம், வருடம். தங்களைக் கட்டுப்படுத்தும் இடத்தில் ‘விரைவில்’. எல்லாமே இதில் அடங்கிவிட்டது. 1998-ல் பா.ஜ.க. தலைவர் ஜஸ்வந்த் சிங் இதை ‘அணு நிறவெறி’ என்று எழுதினார். அவர் அரசியலோடு எனக்கு ஒட்டு உறவில்லை, அந்தச் சொல் மட்டும் சரியான சொல்.

---

முல்லைச்சரம் | செவ்வாய், காலை 6:18

வரிவடிவம், முதலில் ஒரு சின்ன விஷயம். இலங்கையில் இதை ‘உறுப்புரை’ என்று எழுதுவோம். ‘பிரிவு’ என்றால் எங்களுக்கு வேறொன்று. உங்கள் வாசகர் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 6-ஆம் உறுப்புரைக்கு உலக நீதிமன்றமே ஒரு விளக்கம் தந்திருக்கு. 1996 ஜூலை 8, ஹேக். பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்தோடு நடத்துவது மட்டும் போதாது, அதை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவும் கடமை உண்டு என்று நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னார்கள். ‘பேசிக்கொண்டே இருப்போம்’ என்ற சாக்கு அந்த இடத்தில் அடைபட்டது.

ஆனால் அதே கருத்துரையில் இன்னொரு கேள்விக்கு, அதாவது அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதமா என்பதற்கு, 7-க்கு 7 என்று பிரிந்து, தலைவர் முகமது பெட்ஜாவியின் தீர்மான வாக்கால் ஒரு பதில் வந்தது. பொதுவாகச் சட்டவிரோதம், ஆனால் ஒரு நாட்டின் இருப்பே கேள்விக்குறியாகும் கடைசிக் கட்டத் தற்காப்பில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது அந்தப் பதில். எங்கள் நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி அதை ஏற்கவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம்தான் என்று நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அதற்கு முதல் வருஷம், 1995-ல், ஒப்பந்தத்தைக் காலவரையறை இல்லாமல் நீட்டித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இலங்கையர்தான், ஜயந்த தனபால. வாக்கெடுப்பே இல்லாமல் அதை முடித்துவைத்தார். சின்ன நாட்டுக்காரர் இருவர் இந்தப் பெரிய வழக்கின் இரண்டு முக்கியமான இடங்களில் இருந்தார்கள் என்பதைச் சொல்ல எனக்கு ஆசை, அதனால் சொன்னேன்.

---

எதிர்க்காற்று | செவ்வாய், காலை 8:44

வீரமந்திரி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஏகமனதான வரியை நம்பி ஒருவர் வழக்குப் போட்டாரே, அது என்ன ஆனது என்பதையும் எழுத வேண்டாமா?

மார்ஷல் தீவுகள். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுச் சோதனைகளை நடத்திய மண். 2014-ல் அந்தக் குட்டி நாடு ஒன்பது அணு நாடுகள் மீதும் ஹேக்கில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றிருந்தது மூன்று நாடுகள்தான் என்பதால் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மட்டும் மாட்டின. 2016 அக்டோபர் 5-ல் தீர்ப்பு. உங்களுக்கிடையே ‘தகராறு’ என்று ஒன்று இருப்பதாகவே நிரூபிக்கவில்லை, போய் வாருங்கள். பிரிட்டன் வழக்கில் 8-க்கு 8, மறுபடியும் தலைவர் வாக்கு.

தன் தீவுகளில் 67 குண்டு வெடித்த நாட்டைப் பார்த்து ‘உனக்குத் தகராறே இல்லை’ என்றார்கள். வரிவடிவம், இதில் ‘தகராறு’ என்ற சொல்லை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

---

வரிவடிவம் | செவ்வாய், காலை 9:02

‘பிணக்கு’ என்று போட்டிருப்பேன். உங்கள் கோபம் நியாயம்தான். ஒரு திருத்தம் மட்டும்: சோதனை நடத்திய அமெரிக்கா அந்த மேடைக்கே வரவில்லை. நீதிமன்றம் சொன்னது வந்த மூவரைப் பற்றி. அதனால் அது சரியாகிவிடாது, ஆனால் அந்தக் கடைசி வரி உண்மையைக் கொஞ்சம் வளைக்கிறது.

---

கௌரி_இயற்பியல் | செவ்வாய், பகல் 1:20

எல்லோரும் சொல்லையே சுற்றி வருகிறீர்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்தது எண்ணிக்கை. ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025 ஜனவரியில் உலகில் சுமார் 12,241 அணுகுண்டுகள். 1980-களின் நடுவில் சுமார் 70,000. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. யாரோ எதையோ உடைத்திருக்கிறார்கள், இல்லையா?

உடைத்தது 6-ஆம் பிரிவு இல்லை. இரண்டு நாடுகளுக்கு இடையில் போட்ட, திருகாணி வரைக்கும் விவரமாக எழுதிய ஒப்பந்தங்கள்தான். 1987 டிசம்பர் 8-ல் ரீகனும் கோர்பச்சேவும் போட்ட நடுத்தரத் தொலைவு ஏவுகணை ஒப்பந்தத்தில் 2,692 ஏவுகணைகள் அழிந்தன. சோவியத் பங்கு 1,846, அமெரிக்கப் பங்கு 846. வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலையின் வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் 13 வருஷம் குடியிருந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு ஆலை வாசலில் சோவியத் ஆட்கள் அதே போல.

எனக்கு மிகவும் பிடித்தது 1993-ல் போட்ட யுரேனிய ஒப்பந்தம். ரஷ்யக் குண்டுகளில் இருந்த 500 டன் உயர் செறிவு யுரேனியத்தை நீர்த்துப்போகச் செய்து, அமெரிக்க மின் உலைகளுக்கு எரிபொருளாக விற்றார்கள். ஏறத்தாழ 20,000 குண்டுகளுக்கான சரக்கு. 2013-ல் கடைசிச் சுமை போய்ச் சேரும் வரை அமெரிக்க மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தங்கள் ஊர்களைக் குறிவைத்த சரக்கில்தான் அங்கே விளக்கு எரிந்தது. இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

எண்ணுவதிலும் கூத்து உண்டு. 2010-ல் பிராக் நகரில் கையெழுத்தான புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் தலைக்கு 1,550 குண்டு என்று வரம்பு வைத்தது. ஆனால் ஒரு குண்டுவீச்சு விமானம், அது எத்தனை குண்டு சுமக்கும் திறன் உள்ளதானாலும், கணக்கில் ‘ஒன்று’. இரண்டு பக்கமும் தெரிந்தே ஒத்துக்கொண்ட பொய். ஏவுகணைகளில் மட்டும் ஆய்வாளர் நேரில் போய், துணி போர்த்திய குண்டுமுனைகளை எண்ணிவிட்டு வருவார். போர்வை விலகாது, எண் மட்டும் தெரியும்.

---

எதிர்க்காற்று | செவ்வாய், பகல் 1:58

> யாரோ எதையோ உடைத்திருக்கிறார்கள்

உடைத்ததை எல்லாம் இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது கௌரி. நடுத்தரத் தொலைவு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2019 ஆகஸ்ட் 2-ல் வெளியேறியது. புதிய ஸ்டார்ட்டை ரஷ்யா 2023 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. 2026 பிப்ரவரி 5-ஓடு அதன் ஆயுளே முடிந்தது. ஒரு முறைதான் நீட்டிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள், அந்த ஒரு முறையும் 2021-ல் செலவாகிவிட்டது. சுமார் 600 குண்டு வைத்திருக்கும் சீனா, அவர்கள் என் அளவுக்கு இறங்கி வரட்டும், பிறகு பேசலாம் என்கிறது. இப்போது துணி போர்த்திய முனையை எண்ணவும் ஆளில்லை.

---

கௌரி_இயற்பியல் | செவ்வாய், பகல் 2:10

மறுக்கவில்லை. வலிக்கிற இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். எண்ணுவது நின்றுபோனால் இரண்டு பக்கமும் அதிகமாகவே ஊகிக்கும் என்பதுதான் என் பயம்.

---

சும்மா_ஒருவன் | செவ்வாய், மாலை 7:33

இவ்வளவு பேசுறீங்க, யாரும் உக்ரைனைத் தொடலையே. கையில இருந்ததைக் குடுத்துட்டு அடி வாங்குறான். லிபியாவும் அதேதான். 2003 டிசம்பர்ல ‘எனக்கு வேணாம்’னாரு கடாஃபி, 2011-ல ஆளே இல்ல. குடுக்காத வடகொரியாவை யாராவது தொட்டாங்களா? இதுக்கு மேல பாடம் வேணுமா?

---

வரிவடிவம் | செவ்வாய், இரவு 8:15

உக்ரைன் விஷயத்திலும் ஒரு சொல் இருக்கிறது, அதனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, உக்ரைன் கையெழுத்துப் போட்ட ஆவணத்தின் ஆங்கிலப் படியில் பாதுகாப்பு ‘உறுதிமொழி’ என்று இருக்கிறது. ரஷ்ய, உக்ரைனியப் படிகளில் ‘உத்தரவாதம்’ என்ற பொருள்படும் சொல். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் உத்தரவாதம் என்று எழுத விடவில்லை. நேட்டோ கூட்டாளிகளுக்குத்தான் அந்தச் சொல், அதற்குப் படை அனுப்பும் பொறுப்பு உண்டு. உறுதிமொழிக்கு அது இல்லை. உன் எல்லையை மதிப்போம், உன் மீது படை ஏவமாட்டோம், அணு ஆயுதத்தோடு யாராவது மிரட்டினால் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குப் போவோம். அவ்வளவுதான். எல்லையை மதிப்பதாகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவரே 2014-ல் கிரைமியாவுக்குள் நுழைந்தபோது, பாதுகாப்புச் சபையில் தடுப்பதிகாரமும் (வீட்டோ) அவர் கையிலேயே இருந்தது.

தமிழில் இரண்டும் ‘உ’-வில் தொடங்குவது தற்செயல். அர்த்தத்தில் ஒரு படையின் தூரம்.

---

கௌரி_இயற்பியல் | செவ்வாய், இரவு 8:49

சும்மா_ஒருவன், ‘கையில இருந்தது’ என்கிறீர்களே, எந்தக் கையில்? உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 தொலைதூரக் குண்டுமுனைகள் இருந்தது உண்மை. ஆனால் ஏவுவதற்கான அதிகாரமும் குறியீடுகளும் மாஸ்கோவிடம். வீடு உன்னுடையது, பெட்டி உன் வீட்டில், சாவி அடுத்த வீட்டில். பூட்டை உடைத்திருக்க முடியும், அந்தத் தொழில் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அதற்குள் இரண்டு வல்லரசும் சும்மா இருந்திருக்குமா, திவாலாகிக்கொண்டிருந்த பொருளாதாரம் தாங்கியிருக்குமா என்பதுதான் கேள்வி.

தானே செய்து, தானே உடைத்த ஒரே நாடு தென்னாப்பிரிக்கா. ஆறு குண்டுகள். 1993 மார்ச்சில் அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது எல்லாம் பிரித்து முடிந்திருந்தது. சர்வதேச அணுசக்தி முகமை பழைய பதிவேடுகளைப் புரட்டிச் சரிபார்த்தது. அதற்காக அவர்களை யாரும் அடிக்கவில்லையே.

---

சும்மா_ஒருவன் | செவ்வாய், இரவு 8:57

ஆட்சி கறுப்பர் கைக்குப் போறதுக்கு முன்னாடி குண்டைக் கழட்டினான், அதுக்குப் பேரு சமாதானமா? நல்லா இருக்கு மேடம் உங்க கணக்கு.

---

எதிர்க்காற்று | செவ்வாய், இரவு 9:01

இந்த ஒரு இடத்தில் சும்மா_ஒருவன் பக்கம்தான் நான். ஆனால் மேடத்தின் கணக்கைக் கிண்டல் செய்ய அது காரணமாகாது. நோக்கம் அழுக்கானாலும் குண்டு போனது போனதுதான்.

*[இதற்குப் பின் வந்த ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன. தென்னாப்பிரிக்கா பற்றித் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே ஒப்பந்தங்களைப் பற்றி மட்டும். – மட்டுறுத்துநர்]*

---

பழைய_டெலக்ஸ் | புதன், காலை 5:50

தூக்கம் வரவில்லை. வடகொரியாவைத் தொட்டதால் ஒரு பழங்கதை. அன்று செய்தி மேசையில் இருந்தேன், இரண்டு முறை படித்துத்தான் புரிந்தது.

ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவுப்படி வெளியேற விரும்பும் நாடு மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வடகொரியா 1993 மார்ச் 12-ல் கொடுத்தது. அது பலிக்க ஒரு நாள் பாக்கி இருக்கையில், ஜூன் 11-ல், அமெரிக்காவோடு பேசி நிறுத்திவைத்தது. கவனியுங்கள், திரும்பப் பெறவில்லை, ‘நிறுத்திவைத்தது’. பத்து வருஷம் போனது. 2003 ஜனவரி 10-ல் அறிவித்தார்கள்: நிறுத்திவைத்ததை விலக்குகிறோம், 89 நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது, மிச்சம் ஒரு நாள், நாளை முதல் நாங்கள் உறுப்பினர் இல்லை.

சட்டப்படி இது செல்லுமா? மற்ற நாடுகள் சேர்ந்து ஒரு பதில் சொல்லவே இல்லை. சொன்னால் சிக்கல். செல்லும் என்றால் வாசலைத் திறந்துவிட்டதாகும், செல்லாது என்றால் உறுப்பு நாடு ஒன்று குண்டு செய்ததாக ஏற்க வேண்டும். அந்த வருஷக் கூட்டத்தில் வடகொரியாவின் பெயர்ப்பலகையை மேசையிலும் வைக்காமல், வெளியிலும் போடாமல், கூட்டத் தலைவர் தன் கைவசம் வைத்துக்கொண்டார். 191 உறுப்பு நாடுகள் என்று இன்றும் எழுதுகிறோமே, அது வடகொரியாவையும் சேர்த்த எண்.

பெயர்ப்பலகையைத் தலைவர் தன் பையில் வைத்துக்கொண்டு போவதை இன்றும் கற்பனை செய்து சிரித்துக்கொள்வேன்.

---

முல்லைச்சரம் | புதன், காலை 7:25

ஐயா, அருமை. சொல் விளையாட்டு என்றால் இஸ்ரேலையும் சேர்க்க வேணும். மத்திய கிழக்கில் அணு ஆயுதத்தை ‘அறிமுகப்படுத்தும் முதல் நாடாக இருக்கமாட்டோம்’ என்பது அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் வரி. 1968 நவம்பரில் ஃபாண்டம் விமான விற்பனைப் பேச்சின்போது, ‘அறிமுகம்’ என்றால் என்ன என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பால் வார்ங்கி, தூதர் இட்சாக் ராபினைக் கேட்டார். சோதித்துப் பார்க்காத, வெளியே அறிவிக்காத ஒன்று ஆயுதமாகாது என்ற மாதிரி விளக்கம் கிடைத்தது. அதாவது அலுமாரிக்குள் இருக்கும் வரைக்கும் அறிமுகம் ஆகவில்லை.

சிரிக்கலாம். ஆனால் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 2015 மீளாய்வு மாநாடு இந்த அலுமாரியில்தான் முட்டி நின்றது. மத்திய கிழக்கை அணு ஆயுதமற்ற பிரதேசமாக்க ஒரு மாநாடு கூட்டுவது பற்றிய பந்தி. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மறுத்தன. நாலு கிழமை நியூயோர்க்கில் இருந்து கதைத்து எழுதிய இறுதி ஆவணம் அப்படியே போனது. இஸ்ரேல் இந்த ஒப்பந்தத்தில் உறுப்பினரே இல்லை என்பதையும் பாருங்கோ.

---

நடுநிசி_வாசகி | புதன், பகல் 11:12

புதிதாக வந்தவள், இழை முழுவதும் படித்தேன். ஈரான் செய்தியில் எப்போதும் 3.67 சதவீதம், 60 சதவீதம் என்கிறார்கள். 90 வந்தால்தான் குண்டு என்றால் 60-க்கு ஏன் இவ்வளவு பதற்றம்? பாதிக்குக் கொஞ்சம் மேலேதானே?

---

கௌரி_இயற்பியல் | புதன், பகல் 12:40

நல்ல கேள்வி. சதவீதம் ஏமாற்றும், எண்ணிப் பாருங்கள்.

தோண்டி எடுத்த யுரேனியத்தில் 1,000 அணுக்களை எடுத்தால் நமக்கு வேண்டிய 235 வகை 7 மட்டும். மற்ற 993 வேண்டாதவை. செறிவூட்டல் என்றால் வேண்டாததை வெளியே தள்ளுவது. மின் உலைக்கு 4 சதவீதம் வேண்டும் என்றால் 175-ல் 7 இருக்க வேண்டும், அதாவது 825 வேண்டாத அணுக்களைத் தள்ள வேண்டும். 20 சதவீதத்துக்கு 35-ல் 7. அங்கே போக இன்னும் 140 தள்ளினால் போதும். 60 சதவீதம் வரும்போது 12-ல் 7. அங்கிருந்து 90-க்கு நாலைந்து அணுவைத் தள்ளுவதுதான் பாக்கி. (நடைமுறையில் கழிவோடும் கொஞ்சம் 235 போகும், அதை விட்டுவிடுகிறேன்.) மலையேற்றத்தில் 60 என்பது பாதி வழி இல்லை, கோயில் வாசல்.

வல்லரசுகளோடு போட்ட 2015 ஜூலை 14 ஒப்பந்தம் ஈரானை 3.67 சதவீதம், 300 கிலோ என்று 15 வருஷத்துக்கு மலையடிவாரத்திலேயே நிறுத்தியது. 2018 மே 8-ல் டிரம்ப் வெளியேறினார். 2021 ஏப்ரலில் ஈரான் 60-ஐத் தொட்டது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு போடத் தொடங்கிய நேரத்தில் 60 சதவீத யுரேனியம் 440 கிலோவுக்கு மேல் இருந்ததாக முகமை கணக்கிட்டது. அதன் பிறகு ஆய்வாளர்களோடு ஒத்துழைப்பதை ஈரான் நிறுத்திக்கொண்டது. குண்டு கட்டடத்தை இடிக்கும், கணக்கேட்டையும் சேர்த்துக் கிழித்துவிடும்.

---

வரிவடிவம் | புதன், பகல் 1:15

அந்த 2015 ஏற்பாட்டில் ஒரு வாக்கியம் எழுதியவரை எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். வழக்கமாகத் தடை விதிக்கத்தான் பாதுகாப்புச் சபையில் வாக்கெடுப்பு, ஒரு வல்லரசு மறுத்தால் தடை விழாது. 2231-ஆம் தீர்மானத்தில் இதைத் தலைகீழாக்கினார்கள். ஈரான் மீறுகிறது என்று ஒருவர் புகார் கொடுத்தால் 30 நாளில் ‘தடை நீக்கம் தொடரட்டும்’ என்று புதிதாகத் தீர்மானம் நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் பழைய தடைகள் தானாகத் திரும்பும். தடுப்பதிகாரம் தடையைத் தடுக்காது, தடை திரும்புவதற்குத் துணை போகும். 2025 ஆகஸ்ட் 28-ல் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி அந்த விசையை அழுத்தின. செப்டம்பர் கடைசியில் தடைகள் திரும்பின. ரஷ்யாவும் சீனாவும் அது செல்லாது என்கின்றன. எவ்வளவு கெட்டியாக எழுதினாலும் கடைசியில் இந்த இடம்தான்.

---

எதிர்க்காற்று | புதன், இரவு 9:20

கெட்டியாக எழுதியே கதவைச் சாத்திக்கொண்ட கதையும் உண்டு. முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தம், 1996. அணு உலை வைத்திருந்த 44 நாடுகளைப் பெயர் குறித்து, அத்தனை பேரும் ஏற்பளித்தால்தான் அமல் என்று எழுதினார்கள். இந்தியா அதில் ஒன்று. எங்கள் சம்மதமில்லாமல் எங்களை எப்படிப் பட்டியலில் போடுகிறீர்கள் என்று ஜெனீவாவில் இந்தியத் தூதர் அருந்ததி கோஷ் மறுத்தார். அங்கே ஒருமித்த கருத்து வேண்டும் என்பதால் வரைவு நின்றது. ஆஸ்திரேலியா அதைப் பொதுச்சபைக்குத் தூக்கிக்கொண்டு போனது. 158 ஆதரவு, 3 எதிர்ப்பு. இந்தியா, பூட்டான், லிபியா.

எல்லோரும் இந்தியாவைத் திட்டினார்கள். சரி, 1999-ல் அமெரிக்க செனட் என்ன செய்தது? 48-க்கு 51 என்று நிராகரித்தது. ரஷ்யா கொடுத்த ஏற்பை 2023-ல் திரும்பப் பெற்றது. இன்றுவரை அமலுக்கு வரவில்லை. என் கணக்கில் இந்தியாவும் யோக்கியமில்லை. சமத்துவமில்லாத ஒப்பந்தம் என்று மேடையில் பேசியவர்கள், 2008 செப்டம்பரில் அணுப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் அணு வணிகக் குழு தனிச் சலுகை கொடுத்ததும் சமத்துவத்தைப் பற்றி முன்பு போல் வாய் திறக்கவில்லை. முதல் வகுப்பில் இடம் கிடைத்தவனுக்கு மூன்றாம் வகுப்பின் நெரிசல் தெரியாது.

---

பழைய_டெலக்ஸ் | புதன், இரவு 9:48

கடைசி வரி கொஞ்சம் அதிகம் தம்பி. ஆனால் எழுத வேண்டியதுதான்.

---

நடுநிசி_வாசகி | புதன், இரவு 11:30

அப்படியென்றால் அணு ஆயுதங்களையே தடை செய்து 2017-ல் வந்த தடை ஒப்பந்தம்? 122 நாடுகள் வாக்களித்தன, அதற்கு நோபல் எல்லாம் கிடைத்ததே. அதைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

---

முல்லைச்சரம் | வியாழன், காலை 6:40

திறக்காதது எங்கள் பிழைதான். நோபல் கிடைத்தது அதற்காகப் பாடுபட்ட இயக்கத்துக்கு. அந்த ஒப்பந்தம் 2017 ஜூலை 7-ல் நிறைவேறி, 2021 ஜனவரி 22-ல் அமலுக்கு வந்தது. 70-க்கும் மேற்பட்ட நாடுகள் முறைப்படி சேர்ந்திருக்கின்றன, இலங்கையும் 2023-ல். குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட வாக்கெடுப்புக்கே வரவில்லை. எதிர்த்து வாக்களித்தது ஒரே ஒரு நாடு, நெதர்லாந்து. அமெரிக்கக் குண்டுகளுக்கு இடம் கொடுத்திருக்கும் நேட்டோ நாடு அது. நாடாளுமன்றம் நெருக்கியதால் வந்து உட்கார்ந்தது. மற்ற நேட்டோ நாடுகள் வராமலே இருந்துவிட்டன. வந்து இல்லை என்று சொன்னவரில் எனக்கு ஒரு மதிப்பு.

குண்டு இல்லாதவர்கள் குண்டைத் தடை செய்து என்ன பயன் என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். 6-ஆம் உறுப்புரைக்காக 1968-ல் பேரம் பேசியவர்களும் குண்டு இல்லாதவர்கள்தான்.

---

எதிர்க்காற்று | வியாழன், காலை 8:05

அந்தப் பேரத்தில் என்ன கிடைத்தது என்பதற்குத்தானே மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது.

---

வரிவடிவம் | வியாழன், இரவு 10:22

எல்லோருக்கும் நன்றி. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன், குறை சொல்லுங்கள்:

“இந்த ஒப்பந்தத்தின் தரப்பினர் ஒவ்வொருவரும், அணு ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்துவதற்கும் அணு ஆயுதக் களைவுக்கும் உரிய பயனுள்ள நடவடிக்கைகள் குறித்தும் கண்டிப்பான, பயனுள்ள சர்வதேசக் கட்டுப்பாட்டின் கீழான பொதுவான, முழுமையான ஆயுதக் களைவு ஒப்பந்தம் குறித்தும் நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்த உறுதியேற்கின்றனர்.”

‘விரைவில்’ போட்டியோடு மட்டும். மனசு கேட்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதியது அதுதான், அவர்கள் எழுத மறுத்ததை நான் தமிழில் எழுதிக் கொடுக்க முடியாது. அடிக்குறிப்பில் உலக நீதிமன்றத்தின் 1996 கருத்துரையைச் சேர்த்துவிடுகிறேன்.

---

எதிர்க்காற்று | வியாழன், இரவு 10:41

‘நடவடிக்கைகள் குறித்தும்’ என்பதற்குப் பின்னால் மூலத்தில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. நீங்கள் விட்டுவிட்டீர்கள். அது இல்லாவிட்டால், உலகத்தில் உள்ள துப்பாக்கி, பீரங்கி எல்லாம் போன பிறகுதான் அணுகுண்டைக் களைவோம் என்று சிலர் படிப்பார்கள். ஏற்கெனவே படித்தும் இருக்கிறார்கள்.

---

வரிவடிவம் | வியாழன், இரவு 10:44

போட்டுவிட்டேன்.